கழற்றி மாட்டினால் ஓடுகிற கார்டு நல்ல கார்டுதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழில் பசுமைக்குடில் கருவிகள் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி. கருவி எஸ்டி கார்டைப் படிக்காமல் நின்றுவிட்டால் கார்டைக் கழற்றி மாட்டுங்கள், அடிக்கடி இப்படி ஆனால் கார்டு மட்டமானது, நல்ல கம்பெனி கார்டாக வாங்கிப் போடுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பாதி சரி. பின்பாதியைப் படித்ததும் வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கழற்றி மாட்டியதும் ஓடுகிறது என்றால் கார்டில் கோளாறு இல்லை என்றுதானே அர்த்தம்? கழற்றும்போது நடக்கும் முக்கியமான விஷயம், கார்டுக்குப் போகும் கரண்ட் நிற்கிறது. அதைச் செய்யவேண்டியது கருவிக்குள் இருக்கும் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள். அது செய்யாத வேலையைத் தளியில் ரோஜா வளர்க்கிறவர் விரல் நகத்தால் செய்துகொண்டிருக்கிறார், அவருக்கு நீங்கள் விலை கூடின கார்டு வாங்கச் சொல்கிறீர்கள்.

உங்களுக்குத் தெரியாததல்ல. வேகமான கார்டுகள் 3.3 வோல்ட் சிக்னலில் பேச ஆரம்பித்து, டிரைவர் கேட்டுக்கொண்டால் 1.8 வோல்ட்டுக்கு இறங்கும். இறங்கிய கார்டு தானாக 3.3-க்குத் திரும்பாது. சப்ளையை 0.5 வோல்ட்டுக்குக் கீழே இறக்கி, குறைந்தது 1 மில்லிசெகண்ட் அப்படியே வைத்திருந்து, மறுபடி கொடுத்தால்தான் திரும்பும். நம் பக்கம் ஆடிக்காற்றில் லைன் அசைந்து வோல்டேஜ் ஒரு நொடி இறங்கி ஏறுமே, அப்போது பிராசசர் ரீசெட் ஆகி 3.3-ல் பேசத் தொடங்குகிறது, கார்டோ பழைய 1.8-லேயே உட்கார்ந்திருக்கிறது. யார் பேச்சும் யாருக்கும் புரியாது. கரண்ட் ஒரேயடியாகப் போய் வந்திருந்தால் இந்தப் பிரச்சினையே வராது! இந்த லட்சணத்தில் உங்கள் கட்டுரை மின்வெட்டையும் ஒரு குத்து குத்திவிட்டுப் போகிறது. மின்வாரியத்தைத் திட்ட எனக்கும் ஆயிரம் காரணம் உண்டு, ஆனால் இது அதில் சேராது.

இதை நான் எங்கேயோ படித்துவிட்டு எழுதவில்லை. ஓசூரில் சின்னதாக ஒரு யூனிட் வைத்து இந்தக் கருவிகளைத்தான் செய்கிறேன். கெலமங்கலம் பக்கம் வைத்த கருவிகள் இப்படித்தான் நின்றன. போர்டு கொடுத்த கம்பெனிக்குப் போன் செய்தால் உங்கள் கட்டுரையில் வந்த அதே பதில்தான், கார்டை மாற்றுங்கள் சார். மாற்றினேன், அதுவும் நின்றது. கடைசியில் மூடியைத் திறந்து கார்டின் 4-ஆவது பின்னில் மீட்டரை வைத்தேன். கம்ப்யூட்டர் திரையில் டிரைவர் கார்டின் பவரை அணைத்துவிட்டதாகச் சொல்கிறது, பிழைச் செய்தி எதுவும் இல்லை. மீட்டரில் 3.3 அப்படியே நிற்கிறது, ஒரு புள்ளி கூட இறங்கவில்லை.

காரணம் ஒரே வரி. போர்டில் கார்டுக்கென்று தனி பவர் சுவிட்ச் இருக்கிறது, பிராசசரின் ஒரு ஜிபிஐஓ பின் (மென்பொருள் ஏற்றி இறக்கும் கால்) மூலம் அதை அணைக்கலாம், ஏற்றலாம். ஆனால் போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்கு, அதாவது கருவியில் ஓடும் லினக்ஸின் மையப் பகுதிக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ என்ற பட்டியலில் அந்தச் சுவிட்சையே காணோம். எப்போதும் ஆனில் இருக்கும் ஒரு 3.3 வோல்ட் ரெகுலேட்டர் (வோல்டேஜைச் சீராகக் கொடுக்கும் பகுதி) என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஸ்டார்ட்டரைத் தாண்டி மோட்டாருக்கு நேராக ஒயர் இழுத்துவிட்டு, அப்புறம் சிவப்பு பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்கிற கதை. அணை என்று டிரைவர் கேட்கிறது, சரி என்று பதில் வருகிறது, அணைவது எதுவும் இல்லை. உள்ளதை உள்ளபடி, இன்ன பின் மூலம் அணையும், அணைத்தபின் இவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று எழுதியதும் கெலமங்கலத்திலிருந்து வந்துகொண்டிருந்த போன்கள் நின்றன. கார்டு அதே பழைய கார்டு.

பொறுக்கிற நேரமும் முக்கியம், அதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். கெபாசிட்டரில் மிச்சமிருக்கும் கரண்ட் வடியாமல் 0.5-க்குக் கீழே இறங்காது. சிக்னல் லைனில் இருக்கும் ரெசிஸ்டர் வழியாகவும் கொஞ்சம் திருட்டுத்தனமாக உள்ளே போகும். அதோடு, வைஃபை சிப்பும் கார்டும் ஒரே ரெகுலேட்டரில் இருந்தால் கார்டு மட்டும் போதும் என்று சொன்னால் அணையாது, வைஃபையும் சொல்ல வேண்டும். இஎம்எம்சி, அதாவது போர்டிலேயே பதித்த ஃபிளாஷ் மெமரி வைத்த போர்டென்றால் சப்ளையே இரண்டு. தூக்க நிலையில் ஃபிளாஷுக்குப் போவதை நிறுத்தலாம், இன்டர்ஃபேஸுக்குப் போவதில் கை வைக்கக்கூடாது. இவ்வளவையும் சொல்லத்தான் லினக்ஸ் கெர்னலில் 2008-லிருந்தே ரெகுலேட்டர்களுக்கென்று தனிக் கட்டமைப்பு இருக்கிறது. இருந்தும் இன்று வரும் போர்டுகளில்கூட 'எப்போதும் ஆன்' என்று எழுதித் தள்ளுகிறார்கள்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன தடவை யுபிஎஸ் பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதினேன், இரண்டு வரியாக வெட்டி 'வாசகர் விருப்பம்' என்று தலைப்பு வைத்தீர்கள். நான் எதையும் விரும்பவில்லை, தப்பைத்தான் சுட்டிக்காட்டியிருந்தேன். தொழில்நுட்பம் என்றால் உங்களுக்குப் புதுப் போன் விமர்சனம், அதை விட்டால் பெங்களூரிலிருந்து ஒரு நிபுணர். ஓசூரில் போர்டு செய்கிறவர்கள், ரிப்பேர் பார்க்கிறவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள், ஒருவரைக்கூடக் கேட்டதில்லை. கேட்பதற்கு முதலில் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரிய வேண்டுமே! 2004-லேயே கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகிவிட்டது, உங்கள் சந்தா உறையில் இன்னமும் 'ஓசூர், தர்மபுரி மாவட்டம்' என்றுதான் ஒட்டி வருகிறது. தபால்காரர் நல்லவர், கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்.

கல்லூரிகளையும் சொல்ல வேண்டும். வேலைக்கு வரும் பிள்ளைகள் 8085 என்ற பழைய பிராசசருக்கு மனப்பாடமாக புரோகிராம் எழுதுகிறார்கள். சர்க்யூட் படத்தைக் கொடுத்து இந்தச் சிப்புக்கு கரண்ட் எந்த வழியாக வருகிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். டிரைவர் என்றால் வெறும் புரோகிராம், பவர் என்றால் எலக்ட்ரிக்கல் டிபார்ட்மென்ட் சமாச்சாரம் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் கட்டுரையும் அதைத்தான் வேறு மாதிரி சொல்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில் ஒரு திருத்தம்: கார்டை மாற்றுவதற்கு முன், கருவியை ரீசெட் செய்யும்போது கார்டின் சப்ளை உண்மையிலேயே இறங்குகிறதா என்று கருவி விற்றவரை மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அவ்வளவுதான். இடம் போதவில்லை என்றால் கல்லூரி பற்றிய பத்தியைத் தாராளமாக எடுத்துவிடுங்கள், மீட்டர் பத்தியில் கை வைக்காதீர்கள். அப்படியே அந்த உறையில் மாவட்டத்தின் பெயரையும் மாற்றினால் புண்ணியம்.

இப்படிக்கு,
சந்தாவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் ஒரு வாசகர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்