தூத்துக்குடி உப்பள உரிமையாளர்களுக்கு: தண்ணீர் கேன் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய உப்பள உரிமையாளர்களுக்கும் கணக்குப்பிள்ளைகளுக்கும்,

வணக்கம். கோடை வந்ததும் அளத்தில் நாலு கேன் தண்ணீரை இறக்கிவிட்டு, ஏற்பாடு முடிந்தது என்கிறீர்கள். அதிலும் பாதி மீந்துபோகிறதே, ஏன்? ஒதுங்க ஒரு புதர்கூட இல்லாத வெட்டவெளி அது. விடியுமுன் வேலைக்கு வரும் பெண்கள் பலர் வீடு திரும்பும்வரை தண்ணீரைத் தொடுவதே இல்லை. நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வராமல் என்ன செய்யும்?

ஆகவே முதல் செலவு கழிப்பறைக்கு. 25 பெண்களுக்கு ஒன்று என்பது தொழிற்சாலைக் கணக்கு. வரப்பில் நடக்கும் தூரத்தையும் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். தகரக் கதவும் இரும்புத் தாழ்ப்பாளும் உப்புக் காற்றில் இற்றுப்போகும், பிவிசி போடுங்கள். தோண்டினால் நீர் ஊறும் மண் என்பதால் குழிக் கழிப்பறை சரிவராது. மேட்டில், தரைக்கு மேலே மூடிய தொட்டி வைத்து, கழிவு லாரி வந்து உறிஞ்சும்படி பாதையோரம் அமையுங்கள். கழுவத் தண்ணீர் வைக்காவிட்டால் அந்த அறையை யாரும் பயன்படுத்தாமல், கொஞ்ச நாளில் உப்பு வாரும் பலகைதான் அங்கே கிடக்கும்.

இனி குடிநீர். கால் மணிக்கு ஒரு தம்ளர் என்றால் மணிக்கு ஏறத்தாழ 1 லிட்டர். ஆறு மணி நேரம் 20 பேர் வேலை செய்தால் 120 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஆறு. உங்கள் நாலு கேன் கணக்கு இங்கேயே உதைக்கிறது! வெயிலில் நிற்கும் கறுப்புத் தொட்டித் தண்ணீர் கொதிக்கும், யாரும் வாய் வைக்க மாட்டார்கள். நிழலுக்குத் தகரத்தைவிடப் பனையோலை நல்லது. காற்று வரும் பக்கத்தை அடைக்காதீர்கள்.

வியர்வையோடு உப்பும் போவதால், மணிக்கணக்கில் வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் கெண்டைக்கால் இழுக்கும். 20.5 கிராம் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலத்தை முழு 1 லிட்டரில் கரைக்க வேண்டும். ஒரு தம்ளரில் கொட்டிக் குடித்தால் கெடுதல். பாத்தி உப்பைக் குத்துமதிப்பாக அள்ளித் தண்ணீரில் போடுவதும் வேண்டாம்.

புதிதாக வருபவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு தினம் ஒரு பங்கு கூட்டுங்கள். உடல் வெயிலுக்குப் பழக ஒரு வாரமாவது ஆகும். இளைப்பாறும் நேரத்துக்குக் கூலி பிடித்தால் ஒருவரும் உட்கார மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, ஆள் யாரென்று தெரியாமல் பேசினாலோ அது வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). 108-ஐ அழைத்துவிட்டு வண்டிக்காகக் காத்திருக்காமல் நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இதற்குக் கேட்காது.

2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது; இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. நாங்கள் கேட்பது அதற்கு முந்தைய செலவை.

இன்னொன்று. ஆம்புலன்ஸ் வரப்பில் ஏறாது. அம்பாரத்துக்கு, அதாவது உப்புக் குவியலுக்கு, லாரி வரும் பாதையில் ஓர் இடத்தைக் குறித்து, அந்த இடத்துக்கு ஓர் எண் எழுதுங்கள். நிழற்கொட்டகையில் ஆளைத் தூக்கிச் செல்ல ஒரு தூக்குப்படுக்கை (ஸ்ட்ரெச்சர்) தொங்கட்டும். மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உப்பளப் பகுதி சுகாதாரப் பணியாளர்கள்