கடாரம் என்றால் படையெடுப்பு மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் வெளிவந்த, இன்றைய மலேசியாவின் கெடாவான கடாரம் பற்றிய கட்டுரை, 1025-ஆம் ஆண்டு வாக்கில் முதலாம் இராசேந்திரனின் கடற்படை கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்த செய்தியை மெய்க்கீர்த்தி என்னும் கல்வெட்டுப் புகழுரையின் வரிகளோடு விரித்துரைத்திருந்தது. செய்தியில் பிழையில்லை. ஆயினும், இம்மண்ணோடு நமக்குள்ள உறவே அந்தப் படையெடுப்பில்தான் தொடங்கியது என்னும்படி கட்டுரை அமைந்ததை ஏற்க இயலவில்லை.

காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளில் குவிந்த பொருள்களை அடுக்கிச் சொல்லும் பட்டினப்பாலை, ‘காழகத்து ஆக்கம்’ என்று ஒன்றையும் சேர்க்கிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என்றே பொருள் எழுதினார் நச்சினார்க்கினியர். படையெடுப்புக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், கடாரத்து அரசமரபினர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூளாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமயக் கொடையாக, விட்டவன் இராசராசன். தந்தை காலமானபின் அந்தக் கொடையைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவனோ, பின்னாளில் கடாரத்தின்மீது கப்பல்களை ஏவிய இதே இராசேந்திரன்தான்! கட்டுரையாளர் இதை ஏன் விட்டார் என்பது எனக்கு விளங்கவில்லை.

சான்றுகளைத் தேடிப் பினாங்கு வாசகர்கள் கெடாவுக்குப் போகவும் வேண்டியதில்லை. புக்கிட் மெர்தாஜம் புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் செரோக் தோக்குன் பாறைக் கல்வெட்டு இருக்கிறது. பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் வடபகுதியில் 1834-இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த கல்லிலோ, மாநாவிகன் புத்தகுப்தன் என்னும் கப்பல் தலைவன் தூபியொன்றைச் செதுக்கிப் பயணம் வெற்றியாக முடிய வேண்டியிருக்கிறான். அது இன்று கொல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளது. அவன் தமிழன் அல்லாமலிருக்கலாம். அதற்காக நம் பேச்சில் அவனுக்கு இடமில்லையா?

அதே நாகப்பட்டினத்தில் கப்பலேறிய என் தாத்தா, பினாங்கை ஒட்டிய ஜெர்ஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காகத் தனித்துவைக்கப்பட்டபின் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர். வெள்ளைக்காரன் காலத்துக் கூலிக் கப்பலும் சோழர் காலத்து வணிகக் கப்பலும் கடந்தது ஒரே கடலைத்தான். நம் வரலாற்றில் பெரும்பகுதி இத்தகைய பயணங்களால் ஆனது.

2013-இல் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டி (பழங்காலக் கோயிலின் எச்சம்) வீட்டுமனைத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டதைக் கட்டுரை ஒரு வரியிலேனும் குறிப்பிட்டிருக்கலாம்.

மேலும், புக்கிட் பத்து பகாட் சண்டியின் படத்துக்குக் கீழே ‘இராசேந்திர சோழன் கட்டிய கோயில்’ என்று அச்சிட்டிருந்தீர்கள். அவ்வாறு சொல்லும் கல்வெட்டு எதுவும் அங்கே கிடைத்ததில்லை. மாணவர்கள் வெட்டி ஒட்டிவைக்கும் பக்கம் அது. ஆகவே அடுத்த மலரிலேயே திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
நீண்டநாள் வாசகன்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு