ஆண்டறிக்கை: சர்வர் வாடகையும் நம் வாடிக்கையாளர் கணக்குகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தொழில் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சந்தா, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார். உறுப்பினர் அட்டை புதுப்பிக்கும் வேலை நடந்துவருகிறது. மாதாந்திரக் கூட்டங்களில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது ஒரே கேள்விதான்: ஆவணி மூல வீதி நகைக்கடைக்கும் டவுன்ஹால் ரோடு லாட்ஜுக்கும் நாம் செய்து தரும் இணையதளத்தையும் பில்லிங் மென்பொருளையும் யாருடைய சர்வரில், அதாவது எந்நேரமும் இணையத்தில் ஓடும் கம்ப்யூட்டரில், வைப்பது? இந்த அறிக்கையின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே.

கடையிலேயே ஒரு கம்ப்யூட்டரைச் சர்வராக ஓடவிடலாம் என்ற யோசனை இந்த ஆண்டும் வந்தது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றால் காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் மாலையில்தான் வரும். சாதாரண யூ.பி.எஸ். அதைத் தாங்காது. பல பிராட்பேண்டு இணைப்புகளில் வெளியிலிருந்து நம் கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்க உதவும் தனி ஐ.பி. முகவரியும் கிடையாது, அதற்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். அத்துடன் அந்த யோசனை கைவிடப்பட்டது.

விலையில்தான் வாடிக்கையாளர்கள் ஏமாறுகிறார்கள். ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் தவணையின் விலை. மூன்று, நான்கு ஆண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை கிடைக்கும். ரினியூவலில் அது இரண்டு, மூன்று மடங்காகும். ஆகவே கொட்டேஷனில் ரினியூவல் விலையைத்தான் எழுத வேண்டும். 'அன்லிமிடெட்' என்ற சொல்லையும் நம்ப வேண்டாம். அளவில்லாச் சாப்பாடு என்று போர்டு மாட்டிய மெஸ்ஸிலும் அப்பளம் ஒன்றுதான். இடம் அன்லிமிடெட் என்பார்கள், ஆனால் ஐநோடு எனப்படும் கோப்பு எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும். மெயிலையும் அங்கேயே வைத்தால் ஒவ்வொரு மெயிலும் ஒரு கோப்பாகச் சேரும். ஒருநாள் புதுப் படம் ஏற்ற முடியாது. இடமோ பாதிக்கு மேல் காலியாகத் தெரியும்.

வி.பி.எஸ்., அதாவது பெரிய இயந்திரத்தில் நமக்கென்று பிரித்துத் தரும் தனிச் சர்வர், அதன் கணக்கு வேறு. பெங்களூரு டேட்டா சென்டரில் மாதம் 6 டாலருக்கு 1 ஜி.பி. ரேம் சர்வர் என்று வைத்துக்கொள்வோம். வாராந்திர பேக்கப்புக்கு 20 சதவீதம் சேர்த்தால் 7.20. அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். டாலரில் கட்டினால் கார்டு வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் வரை போகும், அதற்கும் வரி உண்டு. 6 என்று சொன்னது 9 டாலரை ஒட்டி வந்து நிற்கும். வெளிநாட்டு நிறுவனத்திடம் ஜி.எஸ்.டி. எண்ணைப் பதிந்தால் அவர்கள் வரி போட மாட்டார்கள். ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நாமே கட்டி உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை.

டிராஃபிக், அதாவது சர்வரிலிருந்து வெளியே போகும் டேட்டா, அதன் கட்டணத்தையும் பார்த்துவிட வேண்டும். ஒரு பக்கம் 5 எம்.பி., மாதம் 2 லட்சம் பார்வை என்றால் 1,000 ஜி.பி. வெளியே போகிறது. மேலே சொன்னது போன்ற சிறு வி.பி.எஸ். திட்டங்களில் அது வாடகைக்குள்ளேயே அடங்கும். அமேசானின் சர்வர் வாடகைச் சேவையில், மும்பை மண்டலத்தில் முதல் 100 ஜி.பி. போக ஜி.பி.க்கு ஏறக்குறைய 11 சென்ட். 100 டாலர் அளவுக்குத் தனி பில் வரும். அமேசான் மோசம் என்பதல்ல, நம் தேவைக்கு அது பொருந்தாது என்பதே குழுவின் கருத்து. படங்களைச் சுருக்கி ஏற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நம்பகத்தன்மைக்கு வருகிறேன். 99.9 சதவீத நேரம் சர்வர் ஓடும் என்று கம்பெனி வாக்குத் தந்தால் மாதம் 43 நிமிடம் நின்றாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை என்று பொருள். அதற்கு மேல் நின்றால் வாடகையில் ஒரு பகுதியைக் கழிப்பார்களே தவிர, கடையின் நஷ்டத்தைத் தர மாட்டார்கள். அந்த எண்ணைவிட நாமே சோதிப்பது மேல். ஒரு மாத வாடகைக்கு எடுத்து, காலை 11 மணிக்கும் இரவு 9 மணிக்கும் சர்வரின் சுமையைக் காட்டும் டாப் கட்டளையில் 'எஸ்.டி.' என்ற எண்ணைப் பாருங்கள். நம் முறைக்காகக் காத்திருந்து வீணாகும் நேரத்தின் சதவீதம் அது. அது தொடர்ந்து 10-ஐ ஒட்டி நின்றால் ஒரே இயந்திரத்தில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருக்கிறார்கள். சனிக்கிழமை இரவில் ஒரு தொழில்நுட்பக் கேள்வி கேட்டு டிக்கெட் போட்டால் சப்போர்ட்டின் தரமும் தெரிந்துவிடும். 2024 ஜூன் 30-ஆம் தேதியே ஆதரவு முடிந்த சென்ட்ஓஎஸ் 7 இயங்குதளத்தை இன்னும் புது சர்வருக்குத் தருபவர்களிடம் போகவே வேண்டாம்.

எல்லாப் பழியையும் கம்பெனி மேல் போடவும் கூடாது. 1 ஜி.பி. ரேமில் தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸும் அதன் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லும் ஓடும்போது நினைவகம் தீர்ந்தால், இயங்குதளத்தின் மையமான கர்னல் பெரும்பாலும் மைஎஸ்கியூஎல்லைத்தான் கொல்லும். 'டேட்டாபேஸ் இணைப்பு இல்லை' என்று பக்கம் வெளுத்துப்போகும். கர்னல் லாக் எனப்படும் பதிவுக் கோப்பைப் பார்த்தால் காரணம் அங்கேயே இருக்கும். டிஸ்க்கில் ஓர் இடத்தை ரேம் போலப் பயன்படுத்தும் ஸ்வாப் 2 ஜி.பி. வைப்பது முதலுதவி. ரேமைக் கூட்டுவதே தீர்வு.

குழு வற்புறுத்துவது வேறொன்று: ஒரு கம்பெனியை விட்டு ஒரே நாளில் வெளியேற முடியுமா என்று பார்த்த பிறகே அங்கே கணக்குத் தொடங்க வேண்டும். தளத்தின் பெயரான டொமைனை ஹோஸ்டிங் வாங்கும் இடத்திலேயே வாங்கக் கூடாது. வாடிக்கையாளர் பெயரிலும் அவர் மெயிலிலும்தான் பதிய வேண்டும். டிசைனர் பெயரில் பதிந்துவிட்டு, அவர் போன் எடுக்காமல் போனால் கடைக்காரர் தெருவில் நிற்க வேண்டியதுதான். டாட் காம் டொமைனைப் பதிந்த 60 நாளுக்குள் வேறு பதிவாளரிடம் மாற்ற முடியாது. சர்வர் மாற்றும்போது முதல் நாளே டொமைன் பெயரை ஐ.பி.யாக மாற்றித் தரும் டி.என்.எஸ்ஸில், பழைய பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைப்பது என்ற டி.டி.எல். மதிப்பை 300 விநாடிக்குக் குறையுங்கள். மாற்றும் நேரத்தில் பில் போடுவதை நிறுத்திவிட்டு டேட்டாபேஸை எடுத்துப் புது சர்வரில் ஏற்றி, அதன் பிறகு ஐ.பி.யை மாற்றுங்கள். பழைய சர்வரை ஒரு வாரம் விட்டுவைத்து அழித்துவிடுங்கள். வி.பி.எஸ்ஸை அழிக்காமல் ஆஃப் மட்டும் செய்தால் பல இடங்களில் வாடகை நிற்காது.

பேக்கப் அதே கம்பெனியில் இருந்தால் போதாது. 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஹெச் டேட்டா சென்டர் எரிந்தபோது, சர்வரையும் பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். தினமும் ஒரு பிரதி வேறு கம்பெனிக்குப் போகட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வேறெதுவும் போடாத உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) சர்வரில் ஏற்றி, நேற்றைய கடைசி பில் எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஹோஸ்டிங் கம்பெனிகள் ஆதார், பான் கேட்கின்றனவே என்று சிலர் தயங்கினர். வி.பி.எஸ். வாடிக்கையாளரின் விவரங்களைச் சரிபார்த்து, கணக்கு முடிந்த பிறகும் 5 ஆண்டு வைத்திருக்கச் சொல்வது மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவு. அதே உத்தரவு லாகுகளை 180 நாள் வைக்கவும் சொல்கிறது. உபுண்டுவில், பக்கங்களை அனுப்பும் எஞ்சின்எக்ஸ் மென்பொருளின் லாக் 14 நாளில் அழியும்படிதான் வரும், அதை மாற்றிவிடுங்கள்.

வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆட்டோ டெபிட், தானாகப் பணம் பிடிக்க முன் அனுமதி கேட்கும் ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதிகள் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து தோற்பது வழக்கமாகிவிட்டது. பணம் போகாவிட்டால் முதலில் சர்வர் நிற்கும், பிறகு அழியும். முன்பணம் கட்டி இருப்பு வைக்கும் வசதி உள்ளவர்களையே எடுங்கள்.

செயற்குழு முடிவுகள்: கொட்டேஷனில் டொமைன், ஹோஸ்டிங், பேக்கப் மூன்றையும் தனித்தனி வரியாக ரினியூவல் விலையுடன் எழுதுவது. இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காசு வாங்காமல், போட்டுத் தரும் கூலியைக் கூலி என்றே பில்லில் காட்டுவது. வேலை முடிந்ததும் எல்லா லாகின் விவரங்களையும் வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைப்பது. அதற்கான படிவம் இன்று வாசலில் வைக்கப்பட்டிருக்கிறது.

அடுத்துப் பொருளாளர் வரவு செலவு அறிக்கையை வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்
மதுரை