185/65 டயருக்குப் பதிலாக 185/60 டயர் பொருத்தியதால் கிலோமீட்டர் கணக்கு தவறுவது குறித்த புகார்

அனுப்புநர்:
வாடகைக் கார் உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
மதுரை.

பெறுநர்:
பொது மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
டயர் விற்பனை நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: தவறான அளவில் பொருத்தப்பட்ட நான்கு டயர்களை மாற்றித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் மதுரைக் கிளை மேலாளர் எனக்கு அனுப்பிய பதில் கடிதம்.

ஐயா,

வாடகைக்கு நானே ஓட்டும் என் செடான் காருக்கு, தங்கள் மதுரை பைபாஸ் சாலைக் கிளையில் நான்கு டயர்களையும் புதிதாக மாற்றினேன். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில், இந்தக் காருக்குரிய டயர் 185/65 ஆர்15 88டி என்று அச்சிடப்பட்டிருக்கிறது. தங்கள் கிளை எழுதித் தந்த எஸ்டிமேட்டிலும் 185/65 என்றே உள்ளது. ஆனால் பொருத்தப்பட்டவை 185/60 ஆர்15 84டி. பொருத்துவதற்கு முன் நான் இதைச் சுட்டிக்காட்டியபோது, "65 ஸ்டாக் இல்லண்ணே, இது ஒரே சைஸ்தான், அஞ்சு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஓட்டும்போது தெரியவே தெரியாது" என்று தங்கள் ஊழியர் உறுதி கூறினார். அந்த உறுதி முற்றிலும் தவறானது என்பதும், தவறு என்று எடுத்துச் சொன்ன பிறகும் தங்கள் கிளை அதையே எழுத்தில் தந்திருக்கிறது என்பதும்தான் இந்தப் புகார்.

டயரின் மேல் உள்ள 65, 60 ஆகிய எண்கள் மில்லிமீட்டர் அல்ல. டயரின் அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பதைக் குறிப்பவை. 185 மில்லிமீட்டரில் 65 சதவீதம் 120.25, 60 சதவீதம் 111. பக்கச்சுவர் ரிம்முக்கு மேலும் கீழும் இருப்பதால் அதை இரண்டு முறை கூட்டி, 15 அங்குல ரிம்மின் 381 மில்லிமீட்டரையும் சேர்த்தால், என் காருக்கு உரிய டயரின் வெளிவிட்டம் 621.5 மில்லிமீட்டர், தாங்கள் பொருத்தியதன் வெளிவிட்டம் 603 மில்லிமீட்டர். ஊழியர் சொன்ன ஐந்து மில்லிமீட்டர், உண்மையில் பதினெட்டரை மில்லிமீட்டர். டயர் விற்பதையே தொழிலாகக் கொண்ட இடத்தில் இந்தக் கணக்கை வாடிக்கையாளர் போட்டுக் காட்ட வேண்டியிருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

கணக்கை நம்பாவிட்டால் கண்ணால் பார்க்கலாம். என் டிக்கியில் உள்ள ஸ்டெப்னி, காருடன் வந்த அதே 185/65. இதுவரை தரையில் ஓடாதது. அதையும் தாங்கள் தந்த டயர் உள்ள ஒரு சக்கரத்தையும் கழற்றி, சிமென்ட் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஸ்டெப்னி உயர்ந்து நிற்பது தெளிவாகத் தெரிகிறது. இரண்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கோடு மீண்டும் தரையைத் தொடும் வரை ஒரே ஒரு சுற்று உருட்டினேன். ஸ்டெப்னி கடந்த தூரம் 195 சென்டிமீட்டர். தங்கள் டயர் கடந்த தூரம் 189 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். இந்த உருட்டலைத் தங்கள் கிளையின் தரையிலேயே, தங்கள் ஊழியர்கள் முன்னிலையில் செய்து காட்ட நான் தயாராக இருக்கிறேன்.

கார் ஓடிய தூரத்தை நேரடியாக அளப்பதில்லை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை சென்சார் எண்ணுகிறது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று தயாரிப்பாளர் பதித்து வைத்த அளவால் அதைப் பெருக்கி வேகத்தையும் கிலோமீட்டரையும் காட்டுகிறது. டயரைச் சிறியதாக மாற்றியது அதற்குத் தெரியாது. மல்லிகைச் சரத்தைக் குட்டைக் கைக்காரர் அளந்தால் முழம் கூடுவது போல, அதே சாலையில் என் கார் இப்போது அதிகக் கிலோமீட்டர் காட்டுகிறது. கூடுதல் ஏறக்குறைய 3 சதவீதம். திருமங்கலம் தாண்டி, கள்ளிக்குடி வழியாக விருதுநகர் செல்லும் நான்குவழிச் சாலையில் கிலோமீட்டர் கற்களை எண்ணி 20 கிலோமீட்டர் ஓட்டியபோது, டிரிப் மீட்டர் 20.6 காட்டியது.

சொந்த உபயோகக் காராக இருந்தால் இதை ஒருவர் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கோ கிலோமீட்டர்தான் கூலி. 500 கிலோமீட்டர் பயணத்துக்கு என் மீட்டர் 515 காட்டுகிறது. நான் வாங்கும் 14 ரூபாய் வீதப்படி, 210 ரூபாயை வாடிக்கையாளரிடம் நான் அநியாயமாக வாங்க நேரிடுகிறது. ராமேசுவரம் சென்று திரும்பிய, பல ஆண்டுகளாக என்னையே அழைக்கும் ஒரு குடும்பத்தினர், தங்கள் கைப்பேசி வரைபடத்தில் பதிவான தூரத்தைக் காட்டி, "மீட்டர்ல என்ன பண்ணி வச்சிருக்கீங்க தம்பி?" என்று கேட்டார்கள். மீட்டரில் கை வைத்தவன் என்ற பெயர் வந்துவிட்டால் இந்தத் தொழிலில் அதைத் துடைப்பது எளிதல்ல. அன்று முதல் டிரிப் ஷீட்டில் 3 சதவீதத்தைக் கழித்தே பில் போடுகிறேன். ஒவ்வொருவரிடமும் காரணம் விளக்க வேண்டியிருக்கிறது. 10,000 கிலோமீட்டரில் செய்ய வேண்டிய சர்வீஸும் உண்மையில் 9,700 கிலோமீட்டரிலேயே வந்துவிடும். மைலேஜ் கூடியது போலத் தெரிவதும் இதே பொய்க் கணக்கால்தான்.

இனி, தங்கள் கிளை மேலாளரின் பதிலுக்கு வருகிறேன். எல்லா ஸ்பீடோமீட்டர்களும் சற்றுக் கூடுதலாகவே காட்டும், அது இயல்பு என்கிறார். உண்மைதான். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டுவது உண்மை வேகத்தின் 10 சதவீதத்துடன் மணிக்கு 4 கிலோமீட்டரைச் சேர்த்த அளவுக்குள் இருக்கலாம் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் 39ஆம் எண் வாகன விதியில் உள்ளது. என் காரில் ஜிபிஎஸ் 80 காட்டும்போது முன்பு 83ஐ ஒட்டி நின்ற முள் இப்போது 86ஐத் தொடுகிறது. இது அந்த எல்லைக்கு உட்பட்டதே, இதனால் எனக்கு அபராதம் வரப்போவதும் இல்லை. பெரிய டயரைப் பொருத்தியிருந்தால் முள் குறைத்துக் காட்டி ஆபத்தாகியிருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் புகார் முள்ளைப் பற்றியது மட்டுமல்ல. முள்ளுக்குத் தயாரிப்பாளர் வைக்கும் அந்தத் தாராளம், கிலோமீட்டர் எண்ணும் ஓடோமீட்டருக்கு உரியதல்ல.

தேய்ந்த பழைய டயருக்கும் புதிய டயருக்கும் இப்படி வித்தியாசம் வருவது வழக்கம் என்றும் எழுதியிருக்கிறார். இந்த வாதம் அவருக்கே எதிரானது. புது டயரில் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும் பட்டன் (தரையைத் தொடும் பகுதியில் உள்ள பள்ளங்களின் ஆழம்), அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவான 1.6 மில்லிமீட்டருக்குத் தேயும்போது விட்டம் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் குறைகிறது. அப்படியானால் பழைய டயரைக் கழற்றிப் புதியது போட்டால் சக்கரம் பெரிதாகி மீட்டர் குறைத்துக் காட்ட வேண்டும். என் காரில் கூடியிருக்கிறது. இந்த டயர்களும் முழுதாகத் தேயும் காலத்தில், உரிய அளவுப் புது டயருடன் ஒப்பிட்டால் வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டும். விட்டத்தில் 3 சதவீதம் வரை மாறலாம் என்று தொழிலில் சொல்லப்படும் எல்லைக்குள்தான் தேயாத நிலையில் இந்த டயர் வருகிறது என்று தாங்கள் கூறலாம். அந்த எல்லையின் விளிம்பில் ஒரு டயரைத் தருவதானால், அதைச் சொல்லி, சம்மதம் பெற்றுத் தர வேண்டும். "ஒரே சைஸ்" என்று சொல்லித் தரக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைப் பற்றிப் பதில் கடிதம் வாயே திறக்கவில்லை. ஸ்டிக்கரில் உள்ள 88 என்ற தாங்குதிறன் எண்ணுக்கு ஒரு டயர் 560 கிலோ. பொருத்தப்பட்ட 84க்கு 500 கிலோ. நான்கு டயர்களுக்கும் சேர்த்து 240 கிலோ குறைகிறது. ஆட்களும் டிக்கி நிறையச் சாமான்களுமாக வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறி இறங்கும் கார் இது. டயரின் அளவும் தாங்குதிறனும் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் தனி விதியாகவே இருப்பதைத் தாங்கள் அறியாமல் இருக்க முடியாது. மேலும், பஞ்சர் ஆகி 185/65 ஸ்டெப்னியை முன்சக்கரத்தில் மாட்டினால் இரு பக்கமும் விட்டம் மாறுபட்டு, இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் டிஃபரன்ஷியல் நேர்சாலையிலும் ஓயாமல் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

65 கையிருப்பில் இல்லை என்றால், வரும் வரை காத்திருக்கச் சொல்லியிருக்கலாம். மாற்று அளவுதான் வேண்டும் என்றாலும் 195/60 ஆர்15 88 என்ற அளவு இருக்கிறது. அதன் வெளிவிட்டம் 615 மில்லிமீட்டர், வித்தியாசம் 1 சதவீத அளவே, தாங்குதிறனும் குறைவதில்லை. கம்ப்யூட்டரில் என் காரின் பெயரைப் போட்டால் 185/60 மாற்றாக வருகிறது என்று ஊழியர் திரையைக் காட்டினார். அந்தப் பட்டியல்தான் தவறு என்றால், இதே வகைக் கார் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் இதே டயர் போயிருக்கும்.

ஆகவே, நான்கு டயர்களையும் 185/65 ஆர்15, தாங்குதிறன் 88 உள்ளவையாக, தேய்மானக் கழிவு எதுவும் இல்லாமல் மாற்றித் தருமாறும், அதற்கான பொருத்துகூலி, வீல் பாலன்சிங், அலைன்மென்ட் செலவுகளைத் தாங்களே ஏற்குமாறும், தங்கள் கம்ப்யூட்டர் பட்டியலில் உள்ள மாற்று அளவைத் திருத்தி அதை எனக்கு எழுத்தில் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். எஸ்டிமேட், பில், கதவு ஸ்டிக்கர், இரு டயர்களின் பக்கவாட்டுப் படங்கள், கிளையின் பதில் கடிதம் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு அளிப்பேன். வாடகைக் கார் என்பதால் நான் நுகர்வோர் ஆகமாட்டேன் என்று கிளையில் வாய்மொழியாகச் சொன்னார்கள். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டுமே பொருள் வாங்கிப் பயன்படுத்துபவரை அச்சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடகைக் கார் உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
மதுரை.