செம்பாறைச் சாலையோரம் இருப்பது வெற்று நிலம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் செம்பாறை நிலத்தின் ஊடே செல்லும் 12ஆம் எண் நெடுஞ்சாலையைப் பற்றிக் கடந்த ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் வெளியான பயணக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் என் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, சென்ற ஆண்டு அக்டோபரில், அந்தச் சாலையில் இரண்டு நாட்கள் பயணம் செய்தவள் நான். முப்பது ஆண்டுகள் பள்ளியில் புவியியல் கற்பித்தவளும் கூட. ஆகவே அக்கட்டுரையின் இரண்டு கூற்றுகளை மறுத்து எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன். வழிநெடுக உயிரற்ற வெற்று நிலம்தான், எங்கு வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தி இறங்கி நடந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. காலையில் புறப்பட்டால் மாலைக்குள் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடலாம் என்பது மற்றொன்று. இவற்றுள் முதலாவதுதான் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

கட்டுரையோடு வந்த படத்தில், ஒரு குடும்பம் சாலையை விட்டு விலகி, கருத்துப்போய்க் கரடுமுரடாகத் தெரியும் மண்ணின் மேல் நிற்கிறது. அந்தக் கருமை அழுக்கோ எரிந்த சாம்பலோ அன்று. அது உயிருள்ள பொருக்கு. நம் நெல் வயல்களுக்கு உயிர் உரமாக இடுகிறோமே, அந்த நீலப்பச்சைப் பாசியின் இனமும், குழம்புக்குத் தாளிக்கும் கல்பாசியின் இனமும், சிறு பாசிச்செடிகளும் ஒன்றாய்ப் பின்னி, மணல் துகள்களை நூலால் தைத்ததுபோல் பிடித்து வைத்திருக்கின்றன. காற்றில் மண் பறந்துவிடாமல் காப்பதும், எப்போதோ பெய்யும் மழையின் ஈரத்தைத் தக்கவைப்பதும், காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிகளுக்கு உணவாக மாற்றித் தருவதும் இந்தப் பொருக்குதான். காய்ந்திருக்கும்போது அது அப்பளம்போல் நொறுங்கிவிடும். ஒரு காலடி பட்டு நொறுங்கிய இடம் மீண்டும் பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும்; அதன் சில பகுதிகளுக்கு நூறாண்டுகளும் போதாமல் போகலாம். எஸ்கலான்டே ஊரைத் தாண்டி ஓரிடத்தில் நானும் அறியாமல் இரண்டடி எடுத்து வைத்துவிட்டேன். பள்ளியில் இதைப் படித்திருந்த என் பேரன் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினான். என் காலின் கீழ் கேட்ட அந்த மெல்லிய நொறுங்கல் ஓசையை நான் இன்னும் மறக்கவில்லை. பாறையின் மேலோ, மணல் ஓடையின் நடுவிலோ, வகுத்துவைத்த நடைபாதையிலோ மட்டும் நடக்க வேண்டும் என்ற ஒரு வரி அக்கட்டுரையில் இருந்திருந்தால், அதைப் படித்துவிட்டுச் செல்லும் ஒவ்வொரு குடும்பமும் அந்த மண்ணுக்குச் செய்யக்கூடிய தீங்கைத் தவிர்த்திருக்கலாம்.

பாறைகளைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். பாங்குவிட்ச் அருகே தொடங்கி டோரி ஊரில் முடியும் இச்சாலை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுடையது. தொடக்கத்திலேயே ரெட் கேன்யனில் செம்பாறையைக் குடைந்த இரண்டு குகைவழிகளின் ஊடே வண்டி நுழைகிறது. அதன்பின் பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்கா வருகிறது. அங்கே நிற்கும் ஆயிரக்கணக்கான கல் தூண்கள், பழங்கால ஏரிகளிலும் ஆற்றுச் சமவெளிகளிலும் படிந்த சுண்ணாம்புக்கல்லும் சேற்றுக்கல்லும் ஆனவை. ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாட்கள் அங்கே இரவில் நீர் உறைந்து பகலில் உருகுகிறது. பாறை வெடிப்புக்குள் புகுந்த நீர் உறைந்து விரியும்போதெல்லாம் கல் சிறிது சிறிதாகப் பிளக்கிறது. கிழக்கே சென்று எஸ்கலான்டேயைக் கடந்தால் பாறையின் தன்மையே மாறிவிடுகிறது. இப்போது சாலையின் இருபுறமும் அலை அலையாய்க் கிடப்பது நவஹோ மணற்பாறை. 18 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றால் குவிந்து, புவி வரலாற்றில் அறியப்பட்ட மிகப் பெரிய மணற்பரப்புகளில் ஒன்றாக இருந்த மேடுகளே பின்னர் இறுகிக் கல்லாயின. அந்தக் காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்பதைக்கூடப் பாறையில் சாய்வாக ஓடும் கோடுகளைக் கொண்டு கணிக்க முடிகிறது. மணல் துகளின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அதன் செம்மைக்குக் காரணம். எங்கள் பக்கத்துத் தேரிக்காடு சிவந்திருப்பதற்கும் அதுவே காரணம் என்பதால், தேரியைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த நிறம் அந்நியமாகத் தோன்றவில்லை.

'ஆள் நடமாட்டமே இல்லாத நிலம்' என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். பிரைஸின் கல் தூண்களை, தவறு செய்ததால் கல்லாக்கப்பட்ட பழங்காலத்தவராகக் கண்ட பாயூட் பழங்குடி மக்களின் நிலம் அது. போல்டர் என்னும் சிற்றூரில் 12ஆம் நூற்றாண்டில் மக்கள் வாழ்ந்த ஓர் ஊரையே அகழ்ந்தெடுத்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஹோப்பி, சூனி முதலிய இன்றைய மக்கள் அந்தப் பழங்குடிகளைத் தம் முன்னோராகப் போற்றுகிறார்கள். காஃப் கிரீக் ஓடையோரம் அருவிக்குச் செல்லும் பாதையில் நின்று எதிர்ப்புறப் பாறையைப் பார்த்தால், ஃப்ரீமான்ட் பண்பாட்டைச் சேர்ந்த பழங்கால மக்கள் சிவப்பு வண்ணத்தில் தீட்டிய பெரிய மனித உருவங்கள் தெரியும். சாலையின் வரலாறும் மனிதர்களின் உழைப்பைச் சொல்வதுதான். 1930களில்கூடப் போல்டருக்குத் தபால் கோவேறு கழுதைகளின் முதுகில்தான் போய்க்கொண்டிருந்தது. பெரும் பொருளாதார மந்தத்தின்போது வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அரசு அமைத்த சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்னும் படையினர் பாறையை வெட்டி வழி செய்தார்கள். 1940இல்தான் ஆண்டு முழுவதும் வண்டி போகும் பாதை அவ்வூருக்குக் கிடைத்தது. போல்டரிலிருந்து டோரி வரையிலான மலைப்பகுதி முழுமையாகத் தார் காண 1985 வரை ஆயிற்று.

வெற்று நிலம் என்ற சொல் அங்கே வெறும் வருணனையாக நின்றுவிடுவதில்லை என்பதையும் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். சாலையின் தெற்கே விரியும் கிராண்ட் ஸ்டேர்கேஸ்–எஸ்கலான்டே நிலப்பரப்பு 1996இல் தேசிய நினைவுப் பகுதியாக, அதாவது அரசு பாதுகாக்கும் நிலமாக, அறிவிக்கப்பட்டது. 2017இல் அதன் பரப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டு, 2021இல் மீண்டும் பழைய எல்லை அளிக்கப்பட்டது. அந்நிலத்தின் கைபரோவிட்ஸ் பீடபூமியில் நிலக்கரிப் படிவும் உண்டு, டைனோசர் புதைபடிவங்களும் ஏராளமாக உண்டு. தோண்டுவதா காப்பதா, எது முதன்மை என்ற வழக்கில், இங்கே ஒன்றுமில்லை என்று சொல்பவர்களின் பக்கமே நம்மையறியாமல் நாமும் போய் நின்றுவிடக் கூடாது.

இதைவிட அவசரமான குறை ஒன்றும் அக்கட்டுரையில் உண்டு. ஜூலை முதல் ஆகஸ்ட் வரை குழந்தைகளுக்கு விடுமுறை என்பதால் அப்போது செல்வது நல்லது என்றும், தோள் உரசும் பாறை இடுக்குகளுக்குள் தவறாமல் நுழைந்து பார்க்க வேண்டும் என்றும் கட்டுரையாளர் பரிந்துரைக்கிறார். அந்த மாதங்கள்தாம் அப்பகுதியில் பிற்பகல் இடிமழைக் காலம். மலையில் பெய்த மழைக்குக் குற்றாலத்தில் வெயிலடிக்கும்போதே அருவி பொங்குவதைப் பார்த்திருக்கும் நமக்கு இந்த ஆபத்து எளிதில் விளங்கும். அங்கே மண் நீரை உறிஞ்சுவது குறைவு. பாறையில் விழுந்த மழை அப்படியே வழிந்து, தொலைவிலுள்ள இடுக்கில் சேறும் மரமுமாக வந்து இறங்கும். அண்டை மாநிலமான அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் 1997 ஆகஸ்ட் 12 அன்று அப்படி வந்த வெள்ளத்தில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். மழை பெய்ததோ அங்கிருந்து தொலைவில். 2015 செப்டம்பரில் யூட்டாவிலேயே உள்ள சையான் தேசியப் பூங்காவின் ஓர் இடுக்கில் 7 பேர் ஒரே நாளில் மாண்டார்கள். அன்றைய வெள்ள எச்சரிக்கையைப் பூங்கா அலுவலகத்தில் கேட்டு அறியாமல் எவரும் அந்த இடுக்குகளில் கால் வைக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்க வேண்டும். கைப்பேசியில் சிக்னல் கிடைக்காத நெடுந்தொலைவுகள் அச்சாலையில் உண்டு என்பதையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

ஒரே நாளில் முடிப்பது பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. எஸ்கலான்டேயிலிருந்து போல்டர் செல்லும் வழியில் ஹாக்பேக் என்னும் இடத்தில் இருபுறமும் பள்ளம் சரிய, தடுப்புச் சுவரும் இல்லாமல், ஒரு பாறை முதுகின் மேல் சாலை ஓடுகிறது. அதன்பின் போல்டர் மலையில் 9,600 அடி உயரம் வரை ஏறுகிறது. அதை இருட்டிய பின் அவசரமாகக் கடப்பவர் காட்சியையும் இழப்பார், தம்மை நம்பி வண்டியில் அமர்ந்திருப்பவர்களையும் ஆபத்தில் தள்ளுவார். எஸ்கலான்டேயிலோ போல்டரிலோ ஓர் இரவு தங்கினால் போதும். காலை வெயிலில் அந்த மணற்பாறை மெல்லச் சிவந்து வருவதை நாங்கள் அப்படித்தான் பார்த்தோம்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா செல்லும் நம் ஊர்ப் பெற்றோர்களில் பலர் தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தை வெட்டி எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகிறவர்கள். எனவே வரும் ஞாயிறு இணைப்பிதழில், மண் பொருக்கின் மேல் நடக்கலாகாது என்பதையும், இடிமழைக் காலத்தில் பாறை இடுக்குகளுக்குள் நுழைவதன் ஆபத்தையும், அக்கட்டுரைக்குத் திருத்தமாகக் கட்டம் கட்டி வெளியிட வேண்டுமென்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை.