300 குதிரைசக்தி கேட்டு வரும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

கார் எஞ்சினில் பவர் ஏற்றும் ஆசையோடு கோவையின் ரீபோர் (சிலிண்டர் துளையைச் சீவிப் பெரிதாக்கும்) பட்டறை வாசல்களில் வந்து நிற்கும் தம்பிகளுக்கு, கணபதி பக்கம் ஒரு பட்டறையில் 26 வருடமாக போரிங் மெஷின் முன்னால் நிற்கும் அண்ணனின் வணக்கம்.

போன வாரம் உங்களில் இரண்டு பேர் ஒரு குட்டி யானையில் ஸ்கோடா ஆக்டேவியா காரின் 1.8 டர்போ பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடம்பை, ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். மொட்டை பிளாக். மேல் மூடியான ஹெட் இல்லை, பிஸ்டன் இல்லை. கிராங்க் தண்டைப் பிடிக்கும் மெயின் பேரிங் கேப் ஐந்தும் ஒரு சிமெண்ட் சாக்கில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. "அண்ணா, 83 அடிச்சுக் குடுத்துருங்க. பிஸ்டன் வந்துட்டிருக்கு. சனிக்கிழமை எடுத்துக்கறோம்" என்றீர்கள். நான் பிளாக்கை வண்டியிலிருந்து இறக்கவே விடவில்லை. உங்கள் முகம் வாடியது தெரிந்தது. அங்கேயே நிறுத்தி விளக்கியிருக்க வேண்டும். அன்றைக்கு மூன்று டிராக்டர் கிராங்க் காத்துக் கிடந்தன, பேச நேரமில்லை. அந்தக் கடனை இப்போது அடைக்கிறேன். உங்கள் இருவருக்கு மட்டும் எழுதவில்லை. மாதத்துக்கு நாலு பேராவது இப்படித்தான் வருகிறார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். பிஸ்டன் கைக்கு வருவதற்கு முன்னால் பிளாக்கில் டூலை வைக்கச் சொல்லாதீர்கள்.

முதலில் அந்த 83-ஐப் பேசிவிடுவோம். 1.8 டர்போவின் போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 81 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 86.4. நாலு சிலிண்டருக்கும் சேர்த்து 1781 சிசி. 83 அடித்தால் 1870 சிசி வரும். நூற்றுக்கு ஐந்து கூடுகிறது, அவ்வளவுதான். 150 குதிரையை 300 ஆக்கப் போவது டர்போ தள்ளும் காற்று. நான் சீவி எடுக்கும் இரும்பு இல்லை. ஆனால் அந்தச் சீவலுக்காக ஒவ்வொரு பக்கமும் ஒரு மில்லி சுவரை இழக்கிறீர்கள். வார்ப்பின்போது உள்ளே வைத்த மண்கரு கொஞ்சம் நகர்ந்திருந்தால் ஒரு பக்கச் சுவர் ஏற்கெனவே மெலிந்திருக்கும். அல்ட்ராசானிக் கேஜ் வைத்துச் சுற்றிலும் பார்க்காமல் 83 என்று வாய்க்கு வந்ததைச் சொல்லக்கூடாது. போர் தேயாமல் நேராக இருந்தால் பிளாக்கைச் சுத்தப்படுத்த எவ்வளவு எடுக்க வேண்டுமோ அவ்வளவு எடுத்தால் போதும், 81.5 போதும் என்றுகூடச் சொல்வேன். ரேட் குறையுமே என்று எனக்குக் கவலை இல்லை. 81.5-க்கும் 83-க்கும் ஒரே கூலிதான்.

சரி, பிஸ்டன் எதற்கு முன்னாலேயே வேண்டும்? டப்பாவில் 83 என்று அச்சடித்திருப்பதை நம்பி நான் வெட்ட முடியாது. பிஸ்டனின் பாவாடையில் (கீழ்ப்பக்கச் சுவரில்), அடியிலிருந்து தயாரிப்பாளர் சொல்லும் உயரத்தில், பிஸ்டனுக்குள் மாட்டும் பின் தண்டுக்குக் குறுக்காக மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அதனோடு பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளியைக் கூட்டினால்தான் போர் அளவு கிடைக்கும். நாலு பிஸ்டனும் ஒரே அளவில் இருக்கும் என்பதும் இல்லை. ஐந்து மைக்ரான் வித்தியாசம் இருந்தால் எந்தச் சிலிண்டருக்கு எது என்று சாக்பீஸில் எழுதி வைத்துத்தான் ஹோன் செய்வேன், அதாவது கல்லால் உரசிக் கடைசி அளவுக்குக் கொண்டு வருவேன். இடைவெளியும் உலோகத்தைப் பொறுத்தது. ஃபோர்ஜ்டு, அதாவது அடித்து உருவாக்கிய, பிஸ்டனில் 2618, 4032 என்று அலுமினியக் கலவையில் இரண்டு ஜாதி உண்டு. 4032-இல் சிலிக்கான் 12 சதவீதம் அளவுக்கு இருக்கும். சூட்டில் அதிகம் விரியாது, நெருக்கமாகப் போடலாம். 2618-இல் சிலிக்கான் இல்லை என்றே சொல்லலாம். அடி தாங்கும், ஆனால் நன்றாக விரியும். அதற்கு இடம் விட்டுத்தான் ஆக வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கொஞ்ச நேரம் டொக் டொக் என்று தட்டும், சூடானதும் அடங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு "அண்ணன் போரை லூஸாக விட்டுட்டாரு" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தவர்களும் உங்களில் உண்டு. பெயர் சொல்லவில்லை.

இதில் இன்னொரு கூத்து. ஏப்ரல் மாதம் ஒரு தம்பி, பிஸ்டன் செட்டைப் பைக் டேங்க் மேல் கட்டிக்கொண்டு மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து, "உடனே அளந்து பாருங்கண்ணா" என்றார். அளவு எடுக்கும் உலகத்தில் 20 டிகிரிதான் கணக்கு. நம்மூரில் அது நடக்காது; குறைந்தபட்சம் பிஸ்டனும் பிளாக்கும் ஒரே சூட்டிலாவது இருக்க வேண்டும். 81 மில்லி அலுமினிய பிஸ்டன் 15 டிகிரி கூடுதல் சூட்டில் 28 மைக்ரான் பெருத்திருக்கும். நான் விடப் போகும் இடைவெளியே 80 மைக்ரான் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு வெயிலிலேயே போய்விடுகிறது. அந்தப் பிஸ்டனை ராத்திரி முழுக்க பிளாக்குக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஷட்டரைப் பாதி தூக்கிய நிலையில் அளந்தேன். அவர் என்னவோ நான் வேலையைத் தள்ளிப்போடுகிறேன் என்று நினைத்தார்.

அடுத்து, ஹெட் போல்ட். பழைய போல்ட்டா, புது ஸ்டட்டா (இரு முனையிலும் மரை உள்ள தண்டு)? எதைப் போடப் போகிறீர்களோ அதையே பிளாக்கோடு கொண்டு வாருங்கள், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வரும் கேஸ்கெட்டும் சேர்த்து. இது எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒருமுறை நம்பாத ஒருவருக்குச் செய்தே காட்டினேன். ஹோன் முடிந்த போரில் கேஜை இறக்கி முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினேன். பிறகு 50 மில்லி கனமுள்ள இரும்பு பிளேட்டை ஹெட் இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, பத்து போல்ட்டையும் ஹெட்டுக்குச் சொல்லியிருக்கும் அதே முறுக்கில் முறுக்கினேன். பிளேட்டில் நாலு ஓட்டை உண்டு, மேலிருந்தே கேஜை இறக்கலாம். மறுபடி இறக்கினால் முள் பூஜ்யத்தில் இல்லை. போல்ட் இருக்கும் பக்கங்களில் ஒரு அளவு, இடையில் இன்னொரு அளவு. வட்டம் 20 மைக்ரான் கோணியிருந்தது. போல்ட்டைத் தளர்த்தியதும் பழையபடி வட்டம். ஆக, மொட்டையாக வைத்து எவ்வளவு அழகாக ஹோன் செய்தாலும், நீங்கள் வீட்டில் ஹெட்டை ஏற்றி முறுக்கும்போது அது வட்டமாக இருக்காது. பிஸ்டன் ரிங் ஒரு பக்கம் சுவரைத் தொடும், ஒரு பக்கம் தொடாது. ஆயில் மேலே வரும், கம்ப்ரஷன் கீழே போகும். அதனால்தான் பிளேட்டைக் கட்டி முறுக்கிய நிலையிலேயே ஹோன் செய்ய வேண்டும். டார்க் பிளேட் என்போம். எஞ்சினுக்கு எஞ்சின் பிளேட் வேறு. என்னிடம் நாலு எஞ்சினுக்குத்தான் இருக்கிறது. இல்லாத எஞ்சினுக்கு வெட்டித்தான் ஆக வேண்டும், அந்தச் செலவு உங்களுடையது.

ஸ்டட்டோடு வரும் சின்னப் பசைப் பாக்கெட்டைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். டார்க் ரென்ச் காட்டும் எண் மரையின் வழுக்கலைப் பொறுத்தது. பசைக்குச் சொன்ன எண்ணை எஞ்சின் ஆயில் தடவி முறுக்கினால் ரென்ச் கிளிக் என்று சொல்லும், ஆனால் பிடிப்பு குறைவாக இருக்கும். 81 மில்லி பிஸ்டன் தலையில் 100 பார் அழுத்தம் வந்தால் ஐந்து டன்னுக்கு மேல். ஹெட்டைத் தூக்கப் பார்ப்பதும் அதே ஐந்து டன்தான்.

மெயின் பேரிங் கேப்புக்கும் ஸ்டட் வாங்கியிருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். பிடிப்பு மாறினால் கிராங்க் படுக்கும் குகையே வடிவம் மாறும்; ஸ்டட்டை முறுக்கிப் பார்த்து, தேவைப்பட்டால் லைன் ஹோன், அதாவது ஐந்து இடத்தையும் ஒரே நேர்கோட்டில் ஹோன், செய்ய வேண்டும். அதோடு அந்தச் சாக்கில் போட்ட கேப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை: ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வைத்துத் துளைத்தவை. எண்ணைப் பார்த்து, திசையைப் பார்த்து, பிளாக்கிலேயே மாட்டிக் கொண்டு வாருங்கள். ஒன்று கீழே விழுந்து முனை மழுங்கினாலும் அதற்கு ஜோடி கடையில் கிடைக்காது.

கிராங்க், அதைப் பிஸ்டனோடு இணைக்கும் ராடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புது ராடு வாங்காமல் இந்த எஞ்சினில் 300 கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பழைய ராடு அதற்கு முன்பே வளையும் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு கணக்கு மட்டும். 7000 சுற்றில் பிஸ்டன் ஒரு விநாடிக்கு 116 முறை மேலே போய் வருகிறது. உச்சியில் திரும்பும் அந்தக் கணத்தில் 300 கிராம் பிஸ்டன் ராடைக் கிட்டத்தட்ட 900 கிலோவாக இழுக்கும். அதனால் கிராங்கைக் காந்தத்தில் போட்டு விரிசல் பார்க்காமல் நான் பாலிஷ்கூடப் போட மாட்டேன். ராடு கிராங்கைப் பிடிக்கும் பிக் எண்டில் விடும் இடைவெளிக்குப் பழைய ஆட்கள் சொன்ன கணக்கு அங்குலத்துக்கு ஒரு தவு, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த இடத்தில் கிராங்கின் உருளை, அதாவது ஜர்னல், 47.8 மில்லி என்றால் இடைவெளி சுமார் 47.8 மைக்ரான்; மில்லியைப் பார்த்து மைக்ரான் என்று படித்தால் போதும். நான் அங்கிருந்து தொடங்கி, நீங்கள் ஊற்றப்போகும் ஆயிலைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் கூட்டுவேன். பாலன்ஸுக்கு ஃபிளைவீல், கிளட்ச் கவர், முன் புல்லி மூன்றும் வேண்டும். பம்பும் மோட்டாரும் செய்கிற ஊர் இது, ரோட்டர் பாலன்ஸ் செய்ய நல்ல கைகள் இங்கே உண்டு. அதை நான் வெளியில்தான் கொடுக்கிறேன், மறைக்கவில்லை.

ஹெட் உட்காரும் டெக் முகத்தைச் சீவுவதும் சட்டென்று முடிகிற வேலைதான். பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் போடுவதாக இருந்தால் முன்னாலேயே சொல்லுங்கள். அதற்கு முகம் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டுக்குப் போதுமான வரி வரியான முகம் அதற்கு ஆகாது. ஹெட்டையும் சேர்த்துச் சீவினால் பெல்ட் டைமிங் கொஞ்சம் பின்னுக்குப் போகும், வால்வும் பிஸ்டனும் நெருங்கும். அளந்து எழுதித் தருகிறேன், எழுதித் தருவதைத் தொலைக்காதீர்கள்.

இனி கழுவுவது. இதைத்தான் நீட்டிச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இதில் அடிபட்டவன் நான்.

ஹோன் கல் உதிர்ந்த பொடியும் இரும்புப் பொடியும் சிலிண்டரின் அந்தக் குறுக்குக் கோடுகளுக்குள் உட்கார்ந்துகொள்ளும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதை ஊற்றினாலும் போகாது. பார்க்கச் சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான். கொதிக்கக் கொதிக்க வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, நைலான் பிரஷ். அப்புறம் பழைய வெள்ளை வேட்டித் துணியில் ஆயில் தொட்டு உள்ளே துடைத்து வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். சாம்பல் படிந்தால் மறுபடி சோப்பு. மூன்றாவது நாலாவது முறைதான் துணி வெள்ளையாக வரும். வந்தவுடனே ஆயில் தடவ வேண்டும். டீ குடித்துவிட்டு வந்தால் துரு பூத்திருக்கும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு ரேஸ் எஞ்சினை இப்படித்தான் கழுவினேன், துணி பால் மாதிரி வந்தது. ஆனால் ஆயில் கேலரியின், அதாவது பிளாக்குக்குள் ஆயில் ஓடும் குழாயின், பின் பக்க அடைப்பை எடுக்கவில்லை. இறுகிப் போயிருந்தது, வண்டிக்காரர் அவசரப்பட்டார், நானும் விட்டுவிட்டேன். செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் மூன்றாவது சுற்றில் ஆயில் பிரஷர் முள் தள்ளாட ஆரம்பித்தது. பிரித்தால் மூன்றாம் நம்பர் பிக் எண்ட் பேரிங், உழவு ஓட்டிய காடு மாதிரி. அடைப்பை அன்றைக்குத்தான் சூடாக்கி எடுத்தேன். பின்னாலிருந்து ஒரு டீஸ்பூன் கரும் சேறு வந்தது. என் ஹோன் கல்லின் சேறு. கிராங்கும் பேரிங்கும் என் காசில் வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சேற்றை ஒரு தைலப் பாட்டிலில் போட்டு டூல் ரேக்கில் வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன். அன்றிலிருந்து அடைப்பு எடுக்காத பிளாக் என் பட்டறையை விட்டுப் போனதில்லை. அதற்கு அரை நாள் கூடுதலாக ஆகும். "சனிக்கிழமை எடுத்துக்கறோம்" என்பது ஏன் எனக்கு ஆகாது என்று இப்போது புரியும்.

இரண்டு வாரம் கொடுங்கள். நான் கைபிடித்து வேலை செய்யும் நாள் ஐந்தோ ஆறோதான். மீதி, அளந்து ஆறவிடுவதும் பாலன்ஸுக்குப் போய் வருவதும், ஒருமுறை ரிங் இல்லாமல் எல்லாவற்றையும் பூட்டிப் பார்த்துப் பிரிப்பதும். ரிங்கின் இரு முனைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை மட்டும் உங்களையே உட்கார வைத்து ராவச் சொல்வேன். டர்போவுக்கு என்று பாக்கெட்டில் போட்டிருக்கும் கணக்கு வேறு. குறைவாக விட்டால் சூட்டில் முனைகள் முட்டி, பிஸ்டன் உதடு பெயர்ந்து வரும். உங்கள் கையால் ராவினால்தான் அது மறக்காது.

ரோட்டு வண்டியில் கம்பெனி அமைப்பை மாற்றுவது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் வரும் விஷயம். அதை நீங்கள் ஆர்.டி.ஓ. ஆபீசில் பேசிக்கொள்ளுங்கள், நான் டிராக் வண்டிக்குச் செய்கிறேன் என்றுதான் பில் எழுதுவேன். 800 சிசி மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா கார் கட்டிய கரிவரதன் இருந்த ஊர் இது. செட்டிபாளையத்தில் அவர் பெயரிலேயே டிராக் இருக்கும்போது அவிநாசி ரோட்டில் எதற்கு?

குட்டி யானைத் தம்பிகளே, உங்கள் பிஸ்டன் வந்ததும் டப்பாவைப் பிரிக்காமல், உள்ளே இருக்கும் அளவுத் தாளோடு கொண்டு வாருங்கள். சாயங்காலம் வந்தால் நல்லது, ராத்திரி இங்கேயே இருக்கட்டும். பிளாக்கில் மிச்சம் இருக்கும் ஆயிலை வடித்துவிட்டு ஏற்றுங்கள். போன தடவை என் வாசல் கோலத்தில் ஊற்றிவிட்டுப் போனீர்கள், வீட்டம்மா இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.