தந்தி பிறந்த ஊர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தமிழ்ப் பத்திரிகை முன்னோடிகள் பற்றிய கட்டுரையில், ஒரு படத்துக்குக் கீழே 'சென்னைப் பத்திரிகை அதிபரும் அரசியல் ஆலோசகருமான சி.பா. ஆதித்தனார்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஒரே வரியில் இரண்டு பிழை வைப்பதற்கும் ஒரு கைத்திறன் வேண்டும்தான்.

தாங்கள் அறியாததல்ல. காயாமொழியில் பிறந்து, லண்டனில் பாரிஸ்டர் படித்து, சிங்கப்பூரில் வழக்கறிஞராக இருந்துவிட்டுத் திரும்பியவர், 1942 நவம்பர் 1 அன்று 'தந்தி' நாளிதழை, இன்றைய தினத்தந்தியை, தொடங்கியது மதுரையில். சென்னையில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. தங்கள் கட்டுரையாளர் தினமும் அந்த வழியாக அலுவலகம் போகிறவர் போலும்.

ஆலோசகர் என்பது அதைவிட வேடிக்கை. 1958ல் நாம் தமிழர் இயக்கத்தைத் தொடங்கியவர், 1967ல் சட்டமன்றத்தின் சபாநாயகர், பிறகு கலைஞர் அமைச்சரவையில் அமைச்சர். இவர் யார் காதில் ஆலோசனை ஓதிக்கொண்டிருந்தார் என்பதையும் எழுதியிருந்தால் நாங்களும் தெரிந்துகொண்டிருப்போம்.

என் அப்பா திருமங்கலத்தில் டீக்கடை வைத்திருந்தார். காலையில் தந்தி பேப்பர் வந்ததும் தாள் தாளாகப் பிரித்துவிடுவார். பெஞ்சுக்கு ஒரு தாள், காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு டீ கிளாஸ். மதியத்துக்குள் ஒவ்வொரு தாளிலும் நாலைந்து வட்டக்கறை விழுந்திருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் ஒருவர், கேட்கிறவர் பத்துப் பேர். யுத்தக் காலத்தில் காகிதம் கிடைக்காமல் ஆதித்தனார் வைக்கோலைக் கூழாக்கிக் கையாலேயே காகிதம் செய்து அச்சடித்த கதையை அப்பா எத்தனை முறை சொன்னாலும் அலுக்க மாட்டார். நான் அகரம் படித்தது பள்ளியில். வாசிக்கப் பழகியது அந்த வட்டக்கறைகளுக்கு நடுவில்.

ஆகவே, தந்தியின் நடையைத் 'தரம் குறைந்த தமிழ்' என்று கட்டுரையாளர் போகிற போக்கில் சொல்லியிருப்பதும் எனக்கு உறைத்தது. நான் இருபத்திரண்டு ஆண்டுகள் வடக்குமாசி வீதி அச்சகம் ஒன்றில் அச்சுக்கோத்தவன். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தலைகீழாக வாசித்து, விரல் நுனி கறுத்துப்போனவன். பண்டிதர்கள் எழுதித் தரும் முழ நீளச் சொல் வரியில் அடங்காமல் முறைத்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் ஆதித்தனாரைத்தான் நினைத்துக்கொள்வேன். பேச்சுத் தமிழைக் கொச்சை நீக்கி எழுதுங்கள் என்று நிருபர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அதன் அருமை கோத்தவனுக்குத் தெரியும், கேட்டவனுக்குத் தெரியும்.

மதுரையில் பிறந்ததைச் சென்னைக் கணக்கில் எழுதுவது இது முதல்முறையுமல்ல. மில் அதிபர் கருமுத்து தியாகராசர் இங்கிருந்து 'தமிழ்நாடு' என்றொரு நாளிதழ் நடத்தினார். தங்கள் கட்டுரையில் அதற்கு அரை வரிகூட இல்லை. அவர் 1943ல் தொடங்கிய மதுரா பாங்கும் 2001ல் வேறொரு வங்கியில் கரைந்துவிட்டது. என் பழைய பாஸ்புக்கை மட்டும் இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். (இதற்குத் தாங்கள் பொறுப்பில்லை. எழுத உட்கார்ந்தால் எல்லாம் வந்துவிடுகிறது.)

ஆனால் இன்னொன்றுக்குத் தாங்கள்தான் பொறுப்பு. நான்கு ஆண்டுகளுக்கு முன் என் கடிதம் ஒன்றைப் பெரிய மனது வைத்து வெளியிட்டீர்கள். அடியில் ஊர் 'மதுரவாயல்' என்றிருந்தது. திருத்தம் கேட்டு இரண்டு கார்டு போட்டேன். பதில் இல்லை. வைகைக் கரையில் இருந்தவனைக் கூவம் பக்கம் குடியேற்றிவிட்டு, வாடகையாவது கொடுத்திருக்கலாம்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் 'மதுரையில் தந்தி நாளிதழைத் தொடங்கியவரும், முன்னாள் சபாநாயகருமான' என்று ஒரு திருத்தம் போடுங்கள். கடைசிப் பக்கத்து மூலையில், எறும்பு எழுத்தில் போட்டாலும் சரி. கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை வெளியிடுவதானால், ஊர்ப் பெயரை மட்டும் மெய்ப்புப் பார்ப்பவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
மதுரை.